குண்டை எவ்வளவு ஆழத்தில் உட்கார வைப்பது?

ஓஹையோ மாநிலத்துக்காரர் ஒருவர் பார்த்தது டூல் அண்ட் டை பட்டறை வேலை. ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கை அங்கே சுருக்கமாக ‘தௌ’ என்பார்கள். பகலெல்லாம் எஃகில் ஒரு தௌ, அரை தௌ என்று சீவிவிட்டு வருகிறவருக்கு, 1960களின் கடைசியில் இலக்குச் சுடும் போட்டிகளில் நாட்டம் வந்தது. கடைத் தோட்டாவின் விலை கட்டுப்படியாகவில்லை. வெடித்து முடிந்த பித்தளைக் கூட்டை எடுத்து, டை என்ற அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர் பொருத்தி, பவுடரை நிறுத்துப் போட்டு, குண்டைச் செருகி மறுபடி தோட்டாவாக்கும் வேலையைக் கற்றுக்கொண்டார். செலவைக் குறைக்கத்தான் ஆரம்பித்தார். அதன்பின் வாங்கிய கருவிகளின் கணக்கைப் பார்த்தால் அந்தச் சிக்கனம் எந்தக் காலத்திலும் நடக்கவில்லை என்று அவர் மனைவி சொல்வார்.

இந்தத் தொழிலில் பவுடரின் எடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம், குண்டின் எடையைப் பற்றியும் அதிகம். ஆனால் அவருடைய அரை நூற்றாண்டு நோட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் பாதிப் பக்கங்களில் இருப்பது வேறொரு கேள்வி: கூட்டின் கழுத்துக்குள் குண்டை எவ்வளவு ஆழத்தில் உட்கார வைப்பது?

விஷயம் இதுதான். துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் சுருளாக வரிகள் ஓடும். அவற்றின் மேட்டுப் பகுதிக்கு லேண்ட்ஸ் என்று பெயர். தோட்டா அறைக்குள் இருக்கும்போது குண்டின் வளைவுக்கும் லேண்ட்ஸ் தொடங்கும் இடத்துக்கும் நடுவே கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். பவுடர் எரிந்ததும் குண்டு கூட்டை விட்டுக் கிளம்பி, அந்த வெற்றிடத்தைத் தாண்டித்தான் வரிகளில் கவ்வும். அந்தத் தாண்டலுக்கு ஜம்ப் என்பார்கள். குண்டை வெளியே நீட்டி உட்கார வைத்தால் ஜம்ப் குறையும், உள்ளே அழுத்தினால் கூடும். லேண்ட்ஸிலேயே போய் முட்டும்படி நீட்டிவிட்டால் அது ஜாம். 20 தௌ என்பது அரை மில்லிமீட்டர்தான். அந்த அரை மில்லிமீட்டரை மாற்றினால் 100 கஜத்தில் ஓட்டைகள் நெருங்கி விழலாம், சிதறியும் விழலாம்.

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் எதுவும் வேண்டியதில்லை. அதனால்தான் அங்கே இது சமையலறை மேசையில் நடக்கிற பொழுதுபோக்காக வளர்ந்தது. இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

அவர் இந்தப் பொழுதுபோக்கில் சேர்ந்த காலத்தில் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது ஒற்றை வரிப் பாடம். குண்டை லேண்ட்ஸுக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வை. தொட்டுக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. தாண்டி வருகிற குண்டு கோணலாக வரிகளில் நுழையலாம், தொட்டபடி நிற்கிற குண்டு குழலின் அச்சோடு நேராகக் கிளம்பும் என்பது அவர்கள் வாதம். கேட்டால் மறுக்க முடியாத மாதிரி இருக்கும்.

இந்த நம்பிக்கைக்கு வயதும் அதிகம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஈயக் குண்டுகளை வைத்து 200 கஜம் சுட்ட ஷுட்சென் போட்டிக்காரர்கள் கூட்டில் குண்டைச் செருகவே மாட்டார்கள். குண்டை நேராகக் குழலின் வரிகளுக்குள் தள்ளிவிட்டு, பவுடர் நிரம்பிய கூட்டைத் தனியாக அதன் பின்னால் வைப்பார்கள். குழல் செய்வதில் பேர்பெற்ற ஹாரி போப் இன்னும் ஒரு படி போய், குண்டைக் குழலின் வாய்ப்பக்கமிருந்து இறக்கும் முறையைக் கையாண்டார். போப் செய்த குழலை வைத்து 1901 மே 16 அன்று கொலராடோவைச் சேர்ந்த சி. டபிள்யூ. ரோலண்ட் 200 கஜத்தில் 10 குண்டுகளை 0.725 அங்குலத்துக்குள் போட்டார். இன்றைய கண்ணாடிகள், இன்றைய பவுடர், இன்றைய எஃகு எதுவும் இல்லாத காலம். அந்த இலக்குத் தாளைப் பற்றிக் கேள்விப்பட்டு வளர்ந்தவர்களிடம் போய் ஜம்ப் நல்லது என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

அவருக்கு முதலில் சிக்கல் வந்தது கொள்கையில் இல்லை, அளப்பதில். கையேடுகளில் தோட்டாவின் மொத்த நீளம் போட்டிருக்கும்; .308 வின்செஸ்டருக்கு அதிகபட்சம் 2.810 அங்குலம் என்கிற மாதிரி. அது கூட்டின் அடியிலிருந்து குண்டின் நுனிவரை. ஆனால் போட்டிக் குண்டுகளின் நுனியில் சின்ன ஓட்டை இருக்கும், அதன் விளிம்பு ஒரே சீராக இருக்காது. ஒரே பெட்டியில் எடுத்த இரண்டு குண்டுகளை ஒரே டையில் அழுத்தி காலிப்பரில் வைத்தால் நுனிக்கு நுனி பல தௌ வித்தியாசம் காட்டும். லேண்ட்ஸில் போய்த் தொடுவது நுனி இல்லையே, கீழே குண்டு பருத்து வரும் வளைவு அல்லவா! அங்கே அளந்தால்தான் கணக்கு. பட்டறைக்காரர் அதற்குக் கடையைத் தேடிப் போகவில்லை. தன் குழலைப் பொருத்திய துப்பாக்கி மெக்கானிக்கிடம், அதே குழலிலிருந்து அறுத்து மிஞ்சிய துண்டைக் கேட்டு வாங்கி, அதே ரீமரால் அதில் வரிகள் தொடங்கும் தொண்டைப் பகுதியை வெட்டச் செய்தார். குண்டின் மேல் அந்தத் துண்டைத் தொப்பி போல் கவிழ்த்து காலிப்பரால் பிடித்தால், தன் குழல் எந்த இடத்தில் அந்தக் குண்டைத் தொடும் என்று துல்லியமாகத் தெரியும். பின்னாளில் ஸ்டோனி பாயின்ட், சின்க்ளேர் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே அளவுகருவிகளை விற்கத் தொடங்கின. அவர் இன்றும் அந்தக் குழல் துண்டைத்தான் பயன்படுத்துகிறார்.

லேண்ட்ஸ் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க அவர் கையாளும் வழி பழையது. வெடித்த கூடு ஒன்றின் கழுத்தை மெல்லிய ரம்பத்தால் நீளவாக்கில் கீறுவார். பவுடர், பிரைமர் எதுவும் இல்லாத அந்தக் கூட்டில் குண்டை விரலால் லேசாகச் செருகி, வேண்டுமென்றே நீளமாக விட்டு, அறைக்குள் வைத்து போல்ட்டை மெதுவாக மூடுவார். லேண்ட்ஸ் குண்டைப் பின்னுக்குத் தள்ளும். வெளியே எடுத்து அளந்தால் அதுதான் தொடு நீளம். ஒருமுறை எடுத்த அளவை அவர் நம்புவதில்லை. குண்டை ஸ்டீல் வுல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடி மூடித் திறந்து, பூதக்கண்ணாடியில் பார்ப்பார். வளைவைச் சுற்றி வரிக்கு ஒன்றாகச் சின்னச் சின்னச் சதுரத் தடங்கள் தெரியும். தடம் நீண்ட சதுரமாக இருந்தால் குண்டு வரிக்குள் அழுந்தியிருக்கிறது. கீற்றாக இருந்தால் இப்போதுதான் தொடுகிறது. ஒன்றுமே இல்லையென்றால் விலகி நிற்கிறது.

1970களின் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகள்தான் பழைய பாடத்துக்குப் பொற்காலம். கனமான மேசையில் மணல் மூட்டை வைத்து, அதன்மேல் துப்பாக்கியைக் கிடத்திச் சுடுகிற போட்டி அது. ஜெயிப்பவர் யார் என்பதை ஐந்து ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது முடிவு செய்யும். ரெமிங்டன் நிறுவனத்தின் மைக் வாக்கர் வடிவமைத்து 1950இல் வந்த .222 ரெமிங்டன் தோட்டா அதுவரை அங்கே கோலோச்சியது. 70களின் நடுவில் மருத்துவர் லூ பால்மிசானோவும் இயந்திர வேலையில் வல்லவரான ஃபெரிஸ் பின்டெலும் சேர்ந்து .220 ரஷ்யன் கூட்டை மாற்றி 6 பிபிசியை உருவாக்கினார்கள். சில ஆண்டுகளில் மேசைக்கு மேசை அதுதான். அந்தக் கூட்டத்தில் குண்டை ஜாமில் வைப்பது கிட்டத்தட்டச் சடங்கு. கழுத்தின் பிடியை லேசாக வைத்து, குண்டை நீளமாக விட்டு, போல்ட்டை மூடும்போது லேண்ட்ஸே அதைத் தன் இடத்துக்குத் தள்ளிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. ஒவ்வொரு தோட்டாவும் அதே அழுத்தத்தில் கிளம்புகிறது என்பதால் அது நன்றாகவே வேலை செய்தது, இன்றும் செய்கிறது. அங்கே ஐந்து குண்டுக்கு ஏழு நிமிடம் கிடைக்கும். ஒவ்வொரு தோட்டாவையும் கையால் வைப்பார்கள், வைத்ததைச் சுட்டுவிடுவார்கள்.

சுடாமல் எடுக்க வேண்டி வந்தால்தான் வம்பு. ஒரு போட்டியில் நேரம் முடிந்து அறிவிப்பு வந்தது. பக்கத்து மேசைக்காரர் போல்ட்டைத் திறந்தார். கூடு மட்டும் வந்தது, குண்டு வரிகளிலேயே சிக்கிக்கொண்டது. பவுடர் முழுக்கத் துப்பாக்கியின் உள்ளே, டிரிகரின் இடுக்குவரை கொட்டிவிட்டது. துப்புரவுத் தடியால் வாய்ப்பக்கமிருந்து குண்டைத் தட்டி வெளியே எடுத்து, ஊதித் துடைத்து முடிப்பதற்குள் அடுத்த சுற்று போய்விட்டது. மேசைப் போட்டியில் இது எரிச்சலோடு முடியும். வேட்டைக்குப் போகிறவர், துப்பாக்கியில் தோட்டா இருக்கும்போது அதை வெளியே எடுத்தே ஆக வேண்டியவர், ஜாம் பக்கமே போகக்கூடாது என்று அவர் அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லி வருகிறார்.

இதே காலத்தில் அவர் கண்முன்னே ஒரு முரண்பாடும் இருந்தது. கலிபோர்னியாவில் ராய் வெதர்பி செய்த வேட்டைத் துப்பாக்கிகளில் தொண்டைப் பகுதி வேண்டுமென்றே நீளமாக வெட்டப்பட்டிருக்கும். குண்டை எவ்வளவு நீட்டினாலும் லேண்ட்ஸை எட்டாது, எட்டினால் மேகசினில் நுழையாது. அழுத்தம் சட்டென்று ஏறாமல் அதிக வேகம் எடுக்க வெதர்பி கண்ட வழி அது. பழைய பாடத்தின்படி அந்தத் துப்பாக்கிகள் கண்டபடி சிதற வேண்டும். சிதறவில்லை. நண்பர் ஒருவரின் வெதர்பி 100 கஜத்தில் மூன்று குண்டுகளை ஓர் அங்குலத்துக்குள் போடுவதை அவரே பார்த்தார். போட்டி மைதானத்தில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. வேட்டைத் துப்பாக்கிதானே என்று ஒதுக்கிவிட்டார்கள். கொள்கைக்கு ஒத்துவராத சாட்சியை இப்படி ஒதுக்குவது எல்லாத் தொழிலிலும் உண்டு.

அவர் மனதை மாற்றியது ஓஹையோவிலேயே, ஏரிக்கரையில் இருக்கும் கேம்ப் பெர்ரி. 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கிற இடம். அங்கே மணல் மூட்டை கிடையாது. நின்று, உட்கார்ந்து, படுத்துச் சுட வேண்டும். 1990களில் பழைய எம்14 வகைத் துப்பாக்கிகளை ஓரங்கட்டிவிட்டு ஏஆர்-15 உள்ளே வந்தது. அதோடு ஒரு தவிர்க்க முடியாத அளவும் வந்தது. ஏஆர் மேகசினில் தோட்டா 2.26 அங்குலத்துக்கு மேல் நீளமாக இருந்தால் ஒழுங்காக ஏறாது. விரைவுச் சுற்றுகளில் ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் பத்துக் குண்டு சுட வேண்டும், நடுவில் மேகசினையும் மாற்ற வேண்டும். ஆகவே 77 கிரெய்ன் எடையுள்ள குண்டை மேகசின் நீளத்துக்கு உள்ளே அழுத்தித்தான் ஆக வேண்டும். லேண்ட்ஸ் எங்கோ முன்னால் இருக்கும். 600 கஜத்து நிதானச் சுற்றில் தோட்டாக்களைக் கையால் ஒவ்வொன்றாக வைப்பதால், அங்கே மட்டும் 80 கிரெய்ன் குண்டை நீளமாக நீட்டி லேண்ட்ஸ் பக்கம் வைப்பார்கள். ஒரே துப்பாக்கி, ஒரே சுடுநர், ஒரே நாள். இரண்டு நேரெதிர் முறைகள். இரண்டுமே பத்து வளையத்துக்குள் விழுந்தன. மேகசின் தோட்டா சிதறுகிறது என்று முணுமுணுத்தவர்களின் கணக்கைப் பார்த்தால், புள்ளி குறைந்தது அவர்கள் நின்று சுட்ட சுற்றில்தான்.

பிறகு விஎல்டி குண்டுகள் வந்தன. பில் டேவிஸ் 1980களில் வடிவமைத்த, காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் நீளமான ஊசிமூக்குக் குண்டு. வால்ட் பெர்கர் அதைத் தயாரித்து விற்றார். அதன் வளைவு உடலோடு வழுக்கிச் சேராமல், ஒரு முனை தட்டிச் சேரும். அந்த முனைதான் ஆழத்தைப் பற்றி அடம் பிடிக்கும். ஜாமில் வைத்தால் அற்புதமாகச் சுடும், கொஞ்சம் விலக்கினால் சிதறும் என்பதுதான் எங்கும் பேச்சு. ஜாமுக்கு ஒத்துவராத மேகசின் துப்பாக்கிக்காரர்கள் பலர் வாங்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அவரும் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

சில ஆண்டுகள் கழித்துப் பெர்கர் நிறுவனத்தின் எரிக் ஸ்டெக்கர் புது யோசனை ஒன்றை வெளியிட்டார். இரண்டு தௌ, ஐந்து தௌ என்று நகர்த்திக்கொண்டிருக்காதீர்கள். பெரிய அடியாக எடுத்து வையுங்கள். வரிக்குள் 10 தௌ அழுந்தி ஒன்று, 40 தௌ விலகி ஒன்று, 80 விலகி ஒன்று, 120 விலகி ஒன்று. இந்த நாலில் ஏதாவது ஒன்று மற்றவற்றைவிடத் தெளிவாக நன்றாக இருக்கும், அதன் பக்கத்தில் தேடுங்கள் என்றார். லேண்ட்ஸிலிருந்து 120 தௌ என்றால் மூன்று மில்லிமீட்டர்! பழைய ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பூட்டி வைத்த பெட்டியை அவர் எடுத்தார். அவருடைய 6.5 மில்லிமீட்டர் துப்பாக்கி 80 தௌ விலகலில் அமைதியாகக் குவித்தது. முன்பு அவர் தேடியதெல்லாம் தொடு நீளத்துக்கு இந்தப் பக்கம் 20, அந்தப் பக்கம் 20 தௌவுக்குள்தான். அந்தக் குறுகிய சந்துக்குள் எத்தனை முறை நடந்தாலும் 80இல் இருப்பது கண்ணில் பட வழியே இல்லை. காற்றைக் கிழிக்கும் விஎல்டியின் திறனையும் பழைய வளைவின் சாதுக் குணத்தையும் சேர்த்து ஹைப்ரிட் வளைவு வந்தது அதன் பிறகு. பிரையன் லிட்ஸ் பெர்கருக்காக வடிவமைத்தது.

குழல் தேய்மானம் வேறு இருக்கிறது. சூடான வாயு ஒவ்வொரு வெடிப்பிலும் தொண்டையை அரிக்கும், லேண்ட்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே போய்க்கொண்டே இருக்கும். சின்னக் குழலில் நிறையப் பவுடர் எரிக்கும் தோட்டாக்களில் இது வேகமாக நடக்கும். லேண்ட்ஸை விரட்டிக்கொண்டு போவது என்று இதைச் சொல்வார்கள். பருவத்தின் ஆரம்பத்தில் 5 தௌ விலகலில் வைத்த குண்டு, பருவம் முடியும்போது 15 தௌ விலகி நிற்கும். மறுபடி அளந்து, மறுபடி நீட்டி, மறுபடி சோதிக்க வேண்டும். ஜம்ப் அதிகம் உள்ள இடத்தில் குண்டு சாதுவாக இருந்தால் இந்த விரட்டலே வேண்டாம். 80க்குப் பதில் 90 ஆனாலும் இலக்கில் பெரிய வித்தியாசம் தெரியாது. இன்று துல்லியப் போட்டிகளில் சுடும் இளைஞர்கள் பலர், ஒரே புள்ளியில் மிகச் சிறிய குவியலைத் தேடாமல், அகலமாகப் பொறுத்துக்கொள்ளும் ஆழத்தைத் தேடுவது இதனால்தான்.

அழுத்தத்தைப் பற்றி அவர் சொல்வதில் விளையாட்டு கிடையாது. லேண்ட்ஸில் முட்டி நிற்கும் குண்டு கிளம்பச் சிரமப்படும், அறையின் அழுத்தம் ஏறும். ஜம்ப் வைத்துச் சோதித்த பவுடர் அளவை அப்படியே ஜாமுக்குக் கொண்டுபோகக் கூடாது. கைத்துப்பாக்கித் தோட்டாவில் கதை தலைகீழ். அங்கே கூடு சின்னது. குண்டை உள்ளே அழுத்தினால் பவுடருக்கான இடமே சுருங்கிவிடும். ஸ்பியர் நிறுவனத்தின் கையேடு ஒன்றில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 28,000 அலகு அழுத்தம் காட்டிய 9 மில்லிமீட்டர் தோட்டாவில் குண்டை 30 தௌ மட்டும் கூடுதலாக உள்ளே தள்ளியபோது அழுத்தம் 62,000க்குப் போனது. இந்த இரண்டு எண்களைப் படிக்காதவர் கையில் நிரப்பும் கருவியைக் கொடுக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

கடைசியாக அவருடைய நோட்டுப் புத்தகங்களையே சந்தேகப்பட வைத்த ஒரு வாதம் உண்டு. அண்மையில் ஹார்னடி நிறுவனத்தின் வல்லுநர்கள் வெளிப்படையாகவே பேசத் தொடங்கினார்கள். மூன்று குண்டு, ஐந்து குண்டுக் குவியலை வைத்து இது நல்ல ஆழம், அது கெட்ட ஆழம் என்று தீர்ப்பு எழுதுவது தற்செயலைத் துல்லியம் என்று நம்புவதுதான். இருபது, முப்பது குண்டாவது வேண்டும் என்றார்கள். அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிளப்பில், எதையும் மாற்றாமல், ஒரே தோட்டாவை ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பார்த்தார். மிகச் சிறிய குவியலும் மிகப் பெரிய குவியலும் ஒன்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் வித்தியாசப்பட்டன. தோட்டா ஒன்றே, ஆழம் ஒன்றே. அப்படியென்றால் 3 தௌ நகர்த்தியதால் குவியல் பாதியானது என்று முன்பு எழுதி வைத்த வரிகளில் எத்தனை உண்மை? ஜாமுக்கும் 80க்கும் இடையே தெரிந்த வித்தியாசம் பெரும்பாலும் நிற்கும் என்கிறார். மூன்று தௌ கதைகளில் முக்கால்வாசி நிற்காது என்கிறார். சண்டைக்கு வருகிற பெஞ்ச்ரெஸ்ட் நண்பர்களோடு அவர் வாதாடுவதில்லை. அவர்களுடைய குழலும் மேசையும் கொடி பார்த்துக் காற்றைக் கணிக்கும் திறமையும் வேறு தரம். சின்ன வித்தியாசங்கள் அங்கே கண்ணுக்குத் தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறார். சாதாரணத் துப்பாக்கியோடு கிளப்புக்கு வருகிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்பதுதான் அவர் சொல்வது.

புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது அவர் கொடுக்கும் யோசனை சுருக்கமானது. முதலில் மேகசினை அளந்துகொள். கையேட்டில் போட்ட குறைந்த பவுடர் அளவில் தொடங்கு. ஆழத்தை நாலு பெரிய அடிகளில் சோதி, ஒவ்வொன்றிலும் பத்துக் குண்டாவது சுடு. அகலமாகப் பொறுக்கும் இடம் கிடைத்ததும் டையின் பூட்டு வளையத்தை இறுக்கிவிட்டு, மிச்சமிருக்கும் குண்டுகளைக் காற்று அடிக்கும் நாளில் சுட்டுப் பழகு. அவருடைய .308க்கான டை 2.800 அங்குலத்தில் பூட்டி வைத்தபடி பல வருடங்களாக அப்படியே இருக்கிறது.